தட்டில் எவ்வளவு சோறு?



பெங்களூரில் அல்சூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கன்னடத்தில் ஹலசூரு என்பார்கள். ஹலசு என்றால் பலா. ஒரு காலத்தில் அங்கே பலாத்தோப்பு இருந்ததாம். அதனால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். இப்போது தோப்பு இல்லை. ஏரி இருக்கிறது. சோமேசுவரர் கோவில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பிரிவு இருக்கிறது. ராணுவத்தை ஒட்டியும் கன்டோன்மென்ட்டை ஒட்டியும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன.

அந்த வீடுகளின் சாப்பாட்டில் தமிழ்நாடும் கர்நாடகமும் கலந்திருக்கும். காலையில் இட்லி. மதியம் சோறும் சாம்பாரும். சில நாள் ராகி முத்தே, அதாவது களி உருண்டை. அதோடு சொப்பு சாறு. சாயங்காலம் பேக்கரியில் டீயும் பன்னும். ராத்திரி மறுபடியும் சோறு.

அந்த அல்சூரில் ஒரு பூக்கார அம்மா. கோவில் பக்கம் பூக்கட்டி விற்கிறார். அவருக்குப் பெயர் வேண்டாம். இது ஒரே ஓர் ஆளின் கதை இல்லை. பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்வது.

பூக்கார அம்மாவுக்கு வயது 46. எடை 72 கிலோ. இடுப்புச் சுற்று 96 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆண்களுக்கு 90. அந்த அம்மா காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே பூக்கட்டுவார். ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார். காலில் ஒரு சின்னப் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 186. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 290. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. எச்.பி.ஏ.1.சி. என்று பெயர். அதில் 8.9. இது 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான். வெறும் வயிற்றில் 126 வந்தாலும் அப்படித்தான்.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று மெட்ஃபார்மின். இன்னொன்று கிளிமிபிரைடு. "சாப்பாட்டைப் பார்த்துக்கோங்கம்மா" என்றும் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை. வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "அரிசியை விட்டுடுக்கா. ராகி சாப்பிடு. ராகிக்கு சர்க்கரையே ஏறாது" என்றார் பக்கத்துக் கடைக்காரம்மா. "கோதுமை நல்லது" என்றார் நாத்தனார். "டீயில் வெல்லம் போட்டுக்கோ" என்றார் பெரியம்மா. பூக்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் செய்தார். மூன்று மாதம் அரிசியைத் தொடவே இல்லை. திரும்பச் சோதித்தார்கள். 8.9 இருந்தது 8.6 ஆனது. அவ்வளவுதான். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

இந்த முறை வேறு ஒரு டாக்டர் இருந்தார். அவர் உட்கார வைத்துக் கேட்டார்.

"தினமும் என்னம்மா சாப்பிடறீங்க?"

"அரிசியை விட்டுட்டேன் டாக்டர். காலையில சப்பாத்தி, மத்தியானம் களி, ராத்திரி களி."

"சப்பாத்தி எத்தனை?"

"நாலு."

"களி?"

"மத்தியானம் ரெண்டு உருண்டை. ராத்திரி ஒண்ணு."

டாக்டர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

அரிசி, கோதுமை, ராகி, ரவை, சேமியா, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோர்த்த மாலை போன்றது. வயிற்றுக்குள் போனதும் நூல் அறுந்துவிடும். மணி மணியாகப் பிரிந்து சர்க்கரையாக ரத்தத்தில் சேரும். நாக்கில் இனிக்காத சோறும் ரத்தத்தில் சர்க்கரைதான்.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டு உணவுப் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு என்று அளந்து 2017-ல் ஒரு புத்தகம் வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம். கோதுமை மாவில் சுமார் 64 கிராம். ராகியில் நார்ச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. சுண்ணாம்புச்சத்தும் மிக அதிகம். அந்த வகையில் ராகி நல்ல தானியம்தான். ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்கும் ராகிக்கும் பெரிய தூரம் இல்லை. மாவை நைசாக அரைத்துக் களியாகக் கிண்டினால் அது சீக்கிரமாகவும் செரித்துவிடும்.

பூக்கார அம்மா முன்பு சாப்பிட்டது காலையில் 5 இட்லி, மதியம் 150 கிராம் அரிசியின் சோறு, இரவும் அதே அளவு, நாலு டீயில் சர்க்கரை. கூட்டிப் பார்த்தால் மாவுச்சத்தும் சர்க்கரையும் சுமார் 300 கிராம். இப்போது நாலு சப்பாத்தி, மூன்று பெரிய களி உருண்டை, நாலு டீயில் வெல்லம். கூட்டினால் இதுவும் சுமார் 300 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 60 டீஸ்பூன். அரிசி போய் ராகி வந்தது. சர்க்கரை போய் வெல்லம் வந்தது. அளவு மட்டும் அசையவே இல்லை.

சரி, உடம்பு இந்தச் சர்க்கரையை என்ன செய்கிறது? வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. அது இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சாவி மாதிரி. தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடும். கல் உடைத்தவர்கள், ஏர் ஓட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் நிறையச் சோறு சாப்பிட்டார்கள். தசைகள் அதை எரித்துவிட்டன. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அவ்வளவு எரியாது. மிச்சம் கொழுப்பாக மாறும். அந்தக் கொழுப்பு இடுப்பில் சேரும். ஈரலில் சேரும். கணையத்திலும் சேரும். அப்போது பூட்டு துருப்பிடித்ததுபோல் ஆகிவிடும். சாவி போட்டாலும் சுலபமாகத் திறக்காது. பெரியவர்களுக்கு வரும் இந்த இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு இதுவே முக்கியக் காரணம். பரம்பரையும் சேர்ந்துகொள்ளும்.

டாக்டர் கணக்கைக் காட்டியதும் பூக்கார அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாதக் கஷ்டம் வீணாகிவிட்டதே என்று அழுகை. டாக்டர், "மாவுச்சத்தைப் பாதியாகக் குறைக்கணும். அடுத்த வாரம் வாங்க, மாத்திரையையும் மாத்தணும்" என்றார். அந்த அம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மறுநாளே சோறு, களி, சப்பாத்தி எல்லாம் நிறுத்தம். காலையில் ஒரு முட்டை. மதியம் கீரை. ராத்திரி மோர். ஆனால் மாத்திரை இரண்டையும் விடாமல் போட்டார்.

நாலாம் நாள் காலை பதினோரு மணி. பூக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. நூல் கையில் நிற்கவில்லை. நெஞ்சு படபடத்தது. ஒருவர் ஒரு முழம் மல்லிகை கேட்டார். பூக்கார அம்மா என்னவோ பதில் சொன்னார். அது யாருக்கும் புரியவில்லை. அப்படியே கூடைமேல் சாய்ந்தார்.

பக்கத்துக் கடைக்காரம்மா ஓடிவந்தார். ராகி சாப்பிடச் சொன்ன அதே அம்மாதான். அவர் மாமியாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. அதனால் விஷயம் தெரியும். "அக்கா, கண்ணைத் திற. இதை முழுங்கு" என்று ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கி மெல்லக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் பேச்சு வந்தது. பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் அளவு 64. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அது இன்னும் இறங்கினால் வலிப்பு வரும், நினைவு போகும், உயிருக்கே ஆபத்து.

என்ன நடந்தது? கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். சாப்பாட்டில் மாவு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது. கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாத்திரைகளும் இதே இனம். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். இவற்றை எடுத்துக்கொள்கிறவர்கள் மாவுச்சத்தைக் குறைப்பதாக இருந்தால், குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்ற வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படிச் சர்க்கரை இறங்குவது அபூர்வம்.

இன்னோர் இனம் மாத்திரை உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலும், பட்டினி கிடந்தாலும், ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வரும். அப்போது சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இருக்கும். அதனால் ஏமாந்துவிடுவார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மயங்கியவருக்கு நினைவு இருந்தால்தான் வாயில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

டாக்டர் பூக்கார அம்மாவைக் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு கிளிமிபிரைடை நிறுத்தினார். மெட்ஃபார்மின் மட்டும் தொடர்ந்தது. மகளையும் உட்கார வைத்து ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டினார். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு முட்டை, மீன், கோழி, பயறு, தயிர், பன்னீர் இவற்றில் ஏதாவது. மிச்சக் கால் பங்கில்தான் சோறோ களியோ சப்பாத்தியோ. எது பிடிக்குமோ அது. ஆனால் ஒன்று மட்டும்.

வீட்டில் ஒரு சின்ன டம்ளர் அளவுக்கு வந்தது. மதியம் 50 கிராம் அரிசி. வெந்தால் ஒரு கிண்ணம் சோறு. மாவுச்சத்து 39 கிராம். காலையில் இரண்டு இட்லி, ஒரு முட்டை, கெட்டிச் சட்னி. ராத்திரி ஒரே சப்பாத்தி, நிறைய பொரியல், ஒரு கிண்ணம் தயிர். நடுவில் பசித்தால் ஒரு கை வேர்க்கடலை. டீயில் சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை. எல்லாம் சேர்த்து நாளைக்குச் சுமார் 130 கிராம் மாவுச்சத்து. முன்பு இருந்ததில் பாதிக்கும் குறைவு.

சொல்வது சுலபம். காசு யார் கொடுப்பது? இந்தக் கேள்வியைப் பேசாமல் விடுவது நியாயம் இல்லை. ரேஷனில் கிடைப்பது அரிசி. கர்நாடகத்தில் 2013 ஜூலையில் அன்ன பாக்கியத் திட்டம் தொடங்கியது. ஏழை வீடுகளின் பசியை அது ஆற்றியது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இலவச அரிசி மாதிரி இலவச முட்டை வீட்டுக்கு வருவதில்லை. சோற்றைக் குறைத்தால் வயிறு காலியாகும். அந்த இடத்தை நிரப்ப வாங்க வேண்டியிருக்கிறது.

பூக்கார அம்மா கெட்டிக்காரர். பாதாமும் ஆலிவ் எண்ணெயும் அவர் கேள்விப்படாதவை. தேவையும் இல்லை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.  வேர்க்கடலை 100 கிராமில் புரதம் சுமார் 24 கிராம். கொள்ளை முளைகட்டிச் சாறு வைத்தார். பெங்களூரில் ஹுருளி சாறு என்றால் தெரியாதவர் இல்லை. மார்கழி, தை மாதத்தில் அவரைக்காய் குவியும். தோல் நீக்கிய இதக்கவரை போட்டுக் குழம்பு. பயறுகளிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் புரதமும் நாரும் கூடவே இருப்பதால் சர்க்கரை மெல்லத்தான் ஏறும். அவற்றைச் சோற்றுக்கு மேல் சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டும்.

காய்களில் முட்டைக்கோஸ், பீன்ஸ், சுரைக்காய், நூக்கோல், முள்ளங்கி, கத்தரிக்காய், வெண்டைக்காய். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் வாங்கினால் விலை குறையும். கீரையை மசித்து மசொப்பு. ஊருக்குப் பெயர் கொடுத்த பலாவும் உதவியது. பலாப் பிஞ்சைக் கறி சமைத்தால் மாவுச்சத்து குறைவு. பழுத்த சுளை தேன் மாதிரி இனிக்கும். சர்க்கரையும் அப்படியே ஏறும். பிஞ்சுக்கும் பழத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு சின்ன வித்தை. முதலில் காயையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் சோறு. அதே சோறுதான். வரிசை மாறியதால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் குறைகிறது. பூக்கார அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ராத்திரியில் ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கும் தொப்பை உண்டு. அவர் சோதித்துக்கொள்ளவே மாட்டேன் என்று இருந்தவர். பிறகு சோதித்தார். நோய் இல்லை. ஆனால் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மாவுச்சத்தைக் குறைத்துச் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1797-ல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை மருத்துவர் ஒரு படைத் தலைவருக்கு இப்படிச் சாப்பாடு கொடுத்து எழுதி வைத்தார். ரொட்டியைக் குறைத்தார். இறைச்சியைக் கூட்டினார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கும்வரை டாக்டர்கள் கையில் இதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

நம் நாட்டிலும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு அது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது அந்த ஆய்வுதான். 18,090 பேரின் சாப்பாட்டை வைத்து 2022-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நாம் சாப்பாட்டிலிருந்து பெறும் சக்தியில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதை 49 முதல் 54 வரை இறக்க வேண்டும். புரதத்தை 20 பக்கம் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் புதிதாக நோய் கண்டவர்களுக்கு அது தணிய வழி உண்டு என்று அந்தக் கணக்கு சொன்னது. சோற்றை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூக்கார அம்மாவுக்கு டாக்டர் கொடுத்த அளவு இதைவிடக் கொஞ்சம் கடுமையானது. எடை அதிகம் என்பதால் அப்படி.

எடை குறைவது ஏன் முக்கியம்? பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களைச் சேர்த்தார்கள். சில மாதம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் 100-க்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை சரியான அளவுக்கு வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு. ஈரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம். இதை டாக்டர்கள் நோய் "தணிந்தது" என்கிறார்கள். "போய்விட்டது" என்று சொல்வதில்லை. எடை திரும்பினால் நோயும் திரும்பும். இரண்டாம் வருடம் 46 பேர் என்பது 36 ஆகக் குறைந்தது.

எல்லோரும் இந்த வழியில் போகக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுவயதிலேயே இன்சுலின் போடும் முதல் வகை நோயாளிகள், சிறுநீரகம் கெட்டவர்கள், மெலிந்து கிடக்கும் முதியவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரதமும் அளந்துதான்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். நடந்து வரும்போது பூக்கார அம்மா அங்கே கொஞ்சம் நிற்பார். திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் சாப்பிடும் அளவும் நேரமும்தான் இருக்கிறது. இதை அவருக்குச் சொன்னது மகள்.

பூக்கார அம்மா எழுதப் படிக்கக் கற்றது நாற்பது வயதில். மாலை வகுப்பில் கற்ற எழுத்து இப்போது ஒரு நோட்டில் இறங்கியது. தேதி, சர்க்கரை அளவு, அன்று சாப்பிட்டது, நடந்த நேரம். மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு முறை மருந்துக் கடையில் பழைய சீட்டைப் பார்த்து கிளிமிபிரைடு கொடுத்துவிட்டார்கள். "இது நிறுத்தின மாத்திரை" என்று அவரே திருப்பிக் கொடுத்தார்.

எட்டு மாதம் ஆனது. எடை 72-லிருந்து 64. எச்.பி.ஏ.1.சி. 6.6. கால் புண் ஆறிவிட்டது. எல்லா நாளும் ஒழுங்காக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். மைசூர்பாகு சாப்பிட்ட நாள் நோட்டில் இருக்கிறது. அண்ணன் மகள் கல்யாணத்தில் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டதும் இருக்கிறது. பக்கத்திலேயே 241 என்ற எண்ணும் இருக்கிறது.

சித்திரையில் சோமேசுவரர் கோவில் பூப்பல்லக்கு வந்தது. பூக்காரர்களுக்கு அதுதான் பெரிய வியாபாரம். இரவெல்லாம் கண் விழித்தார். தெருவில் எல்லோருக்கும் சித்ரான்னமும் கோசம்பரியும் கொடுத்தார்கள். கோசம்பரி என்பது ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காயும் கலந்தது. பூக்கார அம்மா சித்ரான்னத்தில் இரண்டு வாய் சாப்பிட்டார். மிச்சத்தை வீட்டுக்காரர் இலையில் தள்ளப் போனவர், அவருடைய தொப்பையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். கடைக்காரம்மாவின் பையனைக் கூப்பிட்டு அவனிடம் கொடுத்தார். கோசம்பரி மட்டும் இன்னொரு தொன்னை வாங்கிக்கொண்டார்.

விடிந்ததும் வெறும் வயிற்றில் சோதித்தார். 118. நோட்டில் எழுதிவிட்டுப் படுத்துத் தூங்கினார்.